கோத்தகிரி பக்கம் 12 வீடுகளுக்கு இடம்: மண்சரிவு அபாயத்தை எப்படி மதிப்பிடுவது?

மலைவீடு:

வணக்கம். கோத்தகிரி வட்டத்தில் ஒரு அறக்கட்டளைக்காக 12 சிறிய வீடுகள் கட்ட இடம் பார்க்கிறோம். எங்கள் கைக்கு எட்டும் விலையில் தேறியது ஒரே இடம்தான், ஒன்றரை ஏக்கர் பழைய தேயிலை. விவரம்:

மேல் பாதி சுமார் 31 டிகிரி சரிவு, கீழ் பாதி 18 டிகிரி. மேல் எல்லையிலிருந்து 40 மீட்டர் தள்ளி பஞ்சாயத்து ரோடு. ரோட்டுக்கு மேலேயும் தேயிலைதான். உச்சி எங்கள் இடத்தைவிட 220 மீட்டர் உயரம். மேற்கு ஓரத்தில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஒரு ஓடை. ரோட்டுக்காக வெட்டிய இடத்தில் 6 முதல் 8 மீட்டர் வரை சிவப்பு மண் தெரிகிறது, பாறை தெரியவில்லை.

1:50,000 மண்சரிவு வாய்ப்பு வரைபடத்தில் இந்தப் பகுதி "மிதமான" வாய்ப்பு என்ற நிறத்தில் இருக்கிறது. பிப்ரவரியில் வந்து பார்த்த ஆலோசகர் ஐஎஸ் 14496 (மண்சரிவு அபாயத்துக்கு மதிப்பெண் போடும் இந்தியத் தரநிலை) முறைப்படி 4.75 மதிப்பெண் போட்டு "குறைந்த அபாயம்" என்று எழுதிக் கொடுத்தார். ஒப்பந்ததாரர் மேல் பாதியில் 4 மீட்டர் வெட்டி, கல் சுவர் கட்டி, தளம் எடுத்துவிடலாம் என்கிறார். அங்கிருந்து ரோடு பக்கம் என்பது அவர் காரணம்.

இந்த அறிக்கையை நம்பி இறங்கலாமா? இல்லையென்றால், பெரிய செலவில்லாமல் நாங்களே என்னென்ன பார்க்க வேண்டும்?

பாறையும்மண்ணும்:

முதலில் வரைபடம். 1:50,000 என்றால் தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். உங்கள் ஒன்றரை ஏக்கர் ஏறக்குறைய 78 மீட்டருக்கு 78 மீட்டர் சதுரம், தாளில் ஒன்றரை மி.மீ. புள்ளி. அந்த நிறம் உங்கள் நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அந்த மலைப்பக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறது. ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை) அந்த வரைபடத்தைத் தயாரித்தது மாவட்ட அளவில் எங்கே கவனம் வைக்க வேண்டும் என்று முடிவெடுக்க. வீட்டு மனை தேர்வு செய்ய அல்ல. ஆனால் அதே துறையின் பூகோஷ் இணையதளத்தில் பழைய சரிவுகளின் பதிவு கிடைக்கும். அதை இறக்கிப் பாருங்கள். 1978 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஏகப்பட்ட சரிவுகள். உங்கள் ஓடையின் நீர்ப்பிடிப்புக்குள் பழைய சரிவு ஒன்று இருந்தாலே நிறத்தை மறந்துவிடலாம்.

அடுத்து அந்த 4.75. ஐஎஸ் 14496 இரண்டாம் பகுதியில் மொத்தம் 10 மதிப்பெண்: பாறை வகை 2, கட்டமைப்பு 2, சரிவு 2, உயர வேறுபாடு 1, நிலப் பயன்பாடு 2, நிலத்தடி நீர் நிலை 1. உங்கள் விவரத்தை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 31 டிகிரிக்கு 1.2. உயர வேறுபாடு 101-300 மீட்டர் என்பதால் 0.6. தேயிலையை மிதமான தாவரப் பரப்பு என்று எடுத்தால் 1.2. கட்டமைப்புக் கட்டத்தில் மண் ஆழம் 6-10 மீட்டருக்கு 0.85. ஈரத்துக்கு 0.5. கூட்டினால் 4.35. மீதி பாறை வகை. 4.75 வர வேண்டுமானால் அவர் 0.4 போட்டிருக்க வேண்டும், அது கெட்டியான நைஸ் பாறைக்கு உரியது. நீலகிரியின் சார்னோகைட்டும் கெட்டியான பாறைதான், சந்தேகமில்லை. ஆனால் அது உங்கள் இடத்தில் 8 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. சரியப்போவது மேலே உள்ள மண். அந்த மண் மேலிருந்து சரிந்து வந்து குவிந்த இளகிய மண்ணாக இருந்தால் 2.0 போட வேண்டும். கூட்டுத்தொகை 6.35 ஆகிவிடும். 3.5 முதல் 5 வரை "குறைவு", 6 முதல் 7.5 வரை "அதிகம்". ஒரே ஒரு கட்டத்தில் போட்ட எண் இடத்தை இரண்டு படி மாற்றிவிடுகிறது. பிப்ரவரியில் போனால் நீர் மதிப்பெண்ணும் குறையும். கோத்தகிரிக்கு முக்கியமான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அப்போது வெட்டுமுகத்தில் நீர் சொட்டுகிறதா ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆக, உங்கள் கேள்வி ஒன்றாகக் குறுகுகிறது: அந்த மண் அங்கேயே பாறை மக்கி உருவானதா, மேலிருந்து வந்து படிந்ததா? குழி வெட்டினால் தெரியும்.

மேல் பாதியில் மூன்று, கீழ் பாதியில் இரண்டு, ஓடைப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் 1 மீட்டருக்கு 1.5 மீட்டர், ஆழம் 3 மீட்டர். 1.2 மீட்டருக்குக் கீழே போனதும் பலகையும் முட்டும் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள், மேட்டில் குவித்த மண்ணை விளிம்பிலிருந்து 1 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். குழிச்சுவரைக் கொத்தியால் புதிதாகச் சீவிவிட்டுப் பாருங்கள். அங்கேயே மக்கிய பாறை என்றால் பழைய பாறையின் விரிசல்களும் வரிகளும் கோடு கோடாக அப்படியே தெரியும், கையால் பிசைந்தால் பொடியும். வந்து படிந்த மண்ணில் அந்தக் கோடுகள் இருக்காது. கூர்மூலைக் கற்கள் தாறுமாறாகக் கிடக்கும், ஒரு கல் சாய்ந்தும் ஒன்று நின்றும். நடுவில் கறுத்த மண் பட்டை, மக்கிய வேர், கரித்துண்டு தென்பட்டால் அது ஒருகாலத்தில் மேல்மண்ணாக இருந்தது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் பிறகு வந்தது.

பிறகு ஆழமாகத் துளையிடும் போது ஒரு விஷயம் விடாமல் கேளுங்கள். சார்னோகைட் மக்கும்போது நடுவில் உருண்டைப் பாறைகள் மக்காமல் நின்றுவிடும், சில 2-3 மீட்டர் விட்டம். துளைக்கருவி அதில் முட்டியதும் "பாறை வந்துவிட்டது" என்று எழுதி முடித்துவிடுவார்கள். முட்டிய பிறகும் தொடர்ச்சியாகக் குறைந்தது 3 மீட்டர் கோர் (துளையிலிருந்து எடுக்கும் உருளை வடிவ மாதிரி) எடுக்கச் சொல்லுங்கள். கோர் நடுவில் மறுபடியும் மண் வந்தால் நீங்கள் தொட்டது உருண்டை.

பதுளை_தோட்டம்:

வணக்கம் தம்பி. இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நீங்கள் மூவரும், ஆலோசகரையும் சேர்த்துச் சொல்கிறேன், காலுக்குக் கீழே உள்ள மண்ணை மட்டுமே பார்க்கிறீர்கள். உங்கள் இடத்தில் எதுவும் சரியாமலே மேலிருந்து வந்து வீட்டை மூடிவிட முடியும்.

2024 ஜூலை 30 வயநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவு தொடங்கியது புஞ்சிரிமட்டத்துக்கு மேலே, ஏறக்குறைய 1550 மீட்டர் உயரத்தில். ஓடிய தூரம் சுமார் 8 கிலோமீட்டர். சூரல்மலையில் இறந்தவர்களில் பலரின் வீடு நின்ற தரை செங்குத்தான சரிவே இல்லை. ஆற்றோரத்துச் சமதரை. சரிவு தொடங்கும் இடத்தைக் காட்டும் வரைபடம், அது போய் நிற்கும் இடத்தைக் காட்டாது.

உங்கள் இடத்தில் இதைப் பார்க்க ஒரு சாய்வுமானி போதும், போனில் உள்ளதும் போதும். கட்டப்போகும் இடத்தில் நின்று மேலே உள்ள ஒவ்வொரு பள்ளமடிப்பின் (மழைநீர் சேர்ந்து இறங்கும் மலை மடிப்பு) தலையையும் குறிபாருங்கள். மண் சரிந்த உச்சியிலிருந்து அது போய் நின்ற நுனிக்கு ஒரு கோடு இழுத்தால், ஓடைக்குள் புகாத சிறு சரிவுகளுக்கு அந்தக் கோட்டின் கோணம் பெரும்பாலும் 25 டிகிரிக்குக் குறையாது. ஓடைக்குள் இறங்கி நீரோடு குழம்பிவிட்டால் 11 டிகிரிக்கும் கீழே போகும். 11 டிகிரி என்றால் 300 மீட்டர் உயரத்தில் புறப்பட்டது ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி வரும். எனவே ஓடை வழியே குறிபார்க்கும்போது 11 டிகிரியை அளவாக வையுங்கள், திறந்த சரிவில் 25. இந்த எண்கள் முதல் வடிகட்டலுக்குத்தான். அதற்குமேல் குறிபார்க்கும் கோணம் வந்தால் அந்த மனையை ஒதுக்குங்கள், அல்லது முறையான ஆய்வு கேளுங்கள்.

"மழைக்காலத்தில் மட்டும் ஓடும்" என்று ஓடையைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஓடைக்கரையில் நடந்து போய்ப் பாருங்கள்: கரை வெட்டப்பட்ட இடத்தில் பெரிய கல்லும் சிறிய கல்லும் களியும் அடுக்கில்லாமல் ஒன்றாகக் கலந்து கிடக்கிறதா? சாதாரண வெள்ளம் கற்களை அளவு பார்த்துப் பிரித்துப் படியவிடும். எல்லாம் கலந்து கிடந்தால் அது சேற்றுப் பாய்ச்சலின் வேலை. ஓடை மலையைவிட்டு வெளியே வரும் இடத்தில் விசிறி போல மேடு இருந்தால், "நல்ல சமதரை" என்று எல்லோரும் வீடு கட்ட ஆசைப்படும் அதே இடம், அந்த மேட்டைக் கட்டியதே பழைய பாய்ச்சல்கள்தான்.

ரோட்டையும் பாருங்கள். ரோட்டுக்கு அடியில் ஓடைக்கு வைத்த குழாய் என்ன விட்டம்? 600 மி.மீ. குழாய் ஒன்று என்றால் தேயிலைக் கிளையும் சில்வர் ஓக் மரமும் வந்து அடைத்தால் போதும், தண்ணீர் ரோட்டின் மேலேறி வேறு பக்கம் இறங்கும். அந்த வேறு பக்கம் உங்கள் மனையாக இருக்கலாம். மழை நாளில் ரோட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று ஒருமுறை குடை பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், வேறு எந்த ஆய்வும் இதைச் சொல்லாது.

மழை அளவு: எங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் எல்லைகள் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. ஆனால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனாலோ ஒரு மணி நேரத்தில் 75 ஆனாலோ வெளியேற வேண்டும். இது இலங்கைக்கு வைத்தது. நீலகிரிக்கு ஜிஎஸ்ஐ மழைக்காலத்தில் வெளியிடும் முன்னறிவிப்பைப் பாருங்கள், கூடவே சொந்த மழைமானி கட்டாயம். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் 820 மி.மீ. பதிவானது என்பதால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே அளவு பெய்ததாக அர்த்தமில்லை. நேர் சுவர் உள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான், உள்ளே நிற்கும் நீரின் உயரமே மி.மீ. மரம், கூரை ஆகியவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். காலை 8.30க்கு அளந்து கொட்டுங்கள், 50 மி.மீ. தாண்டிய நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை.

இன்னொன்று. கொஸ்லாந்தை மீரியபெத்தயில் 2014 அக்டோபர் 29 அன்று லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்சரிவில் புதைந்தன. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. மக்களுக்குப் போக வேறு நிலம் இல்லை. நீங்கள் இப்போது நிலம் தேடும் கட்டத்திலேயே கேட்கிறீர்கள், அதனால் தயவுசெய்து "இந்த இடம் ஆகுமா" என்று மட்டும் கேட்காமல் இரண்டாவது இடம் ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

வெட்டுச்சரிவு:

நான் சுவரையும் தண்ணீரையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

31 டிகிரியில் 4 மீட்டர் செங்குத்தாக வெட்டினால் கிடைக்கும் தளம் 6.7 மீட்டர் அகலம்தான். ஒரு மீட்டர் நீளத்துக்கு 13 கனமீட்டர் மண் வெளியே வரும். வீட்டுக்கு 10 மீட்டர் என்று வைத்தால் 12 வீட்டுக்கு 1,600 கனமீட்டர். அதை எங்கே கொட்டப்போகிறார் என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். வழக்கமான பதில் "கீழே தள்ளிவிடலாம்". அப்படித் தள்ளிய இளகிய மண் அடுத்த வடகிழக்குப் பருவத்தில் கீழ்வீட்டுக்கு வந்து சேரும்.

இயற்கைச் சரிவே எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 30 டிகிரி சரிவு, வழுக்கும் தளம் 3 மீட்டர் ஆழத்தில், மண் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 30, பிணைப்பு 5 கிலோபாஸ்கல். உலர்ந்திருக்கும்போது பாதுகாப்புக் காரணி (மண்ணைப் பிடிக்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்த எண்) 1.21. அந்தத் தளத்துக்கு மேல் 1.2 மீட்டர் நீர் நின்றால் 1.0, அதாவது விளிம்பு. மண் முழுக்க நனைந்தால் 0.67. எதையும் வெட்டாமலேயே இது. எண்கள் உங்கள் மண்ணுக்கு மாறும், ஆனால் எந்த எண் போட்டாலும் நீர்தான் முடிவு செய்கிறது. வேலையில் முதலில் வடிகால், பிறகு சுவர்.

கல் சுவர் விழுவதில் பெரும்பாலானவை மண் தள்ளி விழுவதில்லை, பின்னால் தேங்கிய தண்ணீர் தள்ளி விழுகின்றன. கசிவுத் துளை என்று வெளியே பைப் நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் ஜல்லி இருக்காது. நேரடியாகக் களிமண்ணில் முடிந்திருக்கும். ஒரு மழையில் அடைந்துவிடும். 75 அல்லது 100 மி.மீ. பைப், 1.5 மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் அடி முதல் மேல் வரை 300 மி.மீ. தடிப்பில் ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுப்பது). மேலே 300 மி.மீ. களிமண் மூடி, மழைநீர் நேராக ஜல்லிக்குள் இறங்காதபடி. மழை நாளில் துளையிலிருந்து தெளிந்த நீர் வந்தால் நல்லது. கலங்கிய நீர் வந்தால் பின்னாலுள்ள மண் கரைந்து வெளியேறுகிறது. எதுவுமே வராவிட்டால் அதுதான் மோசம்.

வெட்டின் உச்சியிலிருந்து 3 மீட்டர் பின்னால் ஒரு மறிப்பு வாய்க்கால் வேண்டும். அதை ஓடையின் பாறைப்படுகை வரை படிப்படியாகக் கொண்டுபோய் விட வேண்டும். பாதிச் சரிவில் நிறுத்திவிட்ட வாய்க்கால், வாய்க்காலே இல்லாததைவிடக் கெடுதல். பரவலாக ஊறியிருக்கும் தண்ணீரை ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கிறது. கான்கிரீட் வாய்க்காலில் விரிசல் விட்டாலும் இதே கதி, அதனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் இலை அள்ளி, விரிசல் பூச ஆள் ஒருவர் பெயர் எழுதப்பட வேண்டும்.

யாரும் கணக்கில் எடுக்காத தண்ணீர் வீட்டுத் தண்ணீர். 12 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் தினமும் 6,000 லிட்டர். உறிஞ்சு குழி வழியாக 1,000 சதுர மீட்டருக்குள் இறக்கினால் வருடம் முழுக்க அந்த நிலத்தில் தினம் 6 மி.மீ. மழை பெய்வதற்குச் சமம். பருவமழை தொடங்கும்போதே மண் நனைந்து தயாராக இருக்கும். உறிஞ்சு குழியைச் சரிவின் மேலே வைக்கவே கூடாது. கழிவுநீரை மூடிய குழாயில் கீழ் எல்லைக்குக் கொண்டுபோங்கள்.

வெட்டிவேர் நடலாம், நல்லதுதான். அதன் வேர் 2, 3 மீட்டர் இறங்கும், மேல்மண் அரிப்பைப் பிடிக்கும். 5 மீட்டர் ஆழத்தில் வழுக்கும் சரிவை அது நிறுத்தாது.

மலைவீடு:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆறு குழியும் வெட்டினோம். கீழ் பாதியின் இரண்டிலும் 0.7 மீட்டருக்குக் கீழே மக்கிய பாறையின் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. மேல் பாதியில் நடுக்குழியில் 1.9 மீட்டரில் ஒரு சாண் தடிப்புக்குக் கறுத்த மண், உள்ளே மக்கிய மரத்துண்டுகள். அதற்கு மேலே கூர்மூலைக் கற்கள். ஓடையோரக் குழியில் கல்லும் களியும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கீழ் பாதியின் கிழக்குப் பக்கம் நின்று பார்த்தால், மேலேயுள்ள பள்ளமடிப்பின் தலை 22 டிகிரியில் தெரிகிறது. ஆனால் அந்தப் பள்ளம் ஓடைக்குத்தான் இறங்குகிறது, நடுவில் ஒரு முகடு மறைக்கிறது. இப்போது என்ன செய்வது?

பாறையும்மண்ணும்:

கறுத்த மண் பட்டை மேல் பாதிக்கு முடிவு சொல்லிவிட்டது. அங்கே ஒருமுறை 1.9 மீட்டர் மண் வந்து படிந்திருக்கிறது. மேல் பாதியில் வீடும் வேண்டாம், வெட்டும் வேண்டாம், தேயிலையை அப்படியே விடுங்கள். ஓடையோரமும் போனது.

கிழக்குக் கீழ்ப்பகுதியை மட்டும் ஆராயலாம். 22 டிகிரி 25க்குக் கீழே இருப்பதால் திறந்த சரிவுக்குப் பெரும்பாலும் தப்பும். ஓடைக்கான 11ஐ அது தாண்டுகிறது, அங்கே உங்களைக் காப்பது அந்த முகடுதான். எனவே முகடு ஓடைப்படுகையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து போடுங்கள். 2, 3 மீட்டர்தான் என்றால் ஓடை அடைத்துக்கொண்ட நாளில் பாய்ச்சல் தாண்டி வரும். அப்படியானால் இடத்தை விட்டுவிடுங்கள். 8, 10 மீட்டர் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்: இரண்டு துளை, பாறையில் 3 மீட்டர் கோர், மண் மாதிரியில் நனைந்த நிலையில் வெட்டுவலிமைச் சோதனை.

ஒரு துளையை மூடாமல் நீர்மட்டக் குழாயாக்குங்கள். 25 மி.மீ. பிவிசி குழாய், அடி 1 மீட்டருக்குத் துளை போட்டு ஜியோ துணி சுற்றி, சுற்றிலும் மணல், அதற்கு மேல் களிமண் அடைப்பு. உள்ளே ஒல்லியான குச்சி ஒன்றும் ஒரு சிட்டிகை தக்கைத் தூளும் போட்டுவிடுங்கள். நள்ளிரவு மழையில் நீர் ஏறி இறங்கினாலும் அது எட்டிய உச்சியில் தூள் குச்சியில் ஒட்டியிருக்கும். ஒரு வடகிழக்குப் பருவம் முழுக்க இதைப் பார்த்த பிறகே அஸ்திவாரம் போடுங்கள்.

வெட்டுச்சரிவு:

18 டிகிரியில் அதே 6.7 மீட்டர் அகலத்துக்கு 2.2 மீட்டர் வெட்டினால் போதும். வீட்டின் தளத்தை இரண்டு படியாக அமைத்தால் ஒவ்வொரு வெட்டும் 1.1 மீட்டருக்குள் அடங்கிவிடும். 12 வீடு அங்கே அடங்காது, இடத்துக்கு ஏற்ற எண்ணிக்கைக்கு இறங்குங்கள், மீதிக்கு இரண்டாவது நிலம் தேடுங்கள்.

வெட்டு வேலையை ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் முடியுங்கள். ஒரே நீளமாக வெட்டாமல் 3 மீட்டர் வெட்டி, 3 மீட்டர் விட்டு, வெட்டிய இடத்தில் சுவர் எழும்பிய பிறகு விட்டதை வெட்டுங்கள். ஜேசிபி இறக்குவதற்கு முன் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று சர்வே எண்ணோடு போய்ப் பாருங்கள். இருந்தால் புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை மூன்றின் கருத்தும் கேட்பார்கள். குழிகளின் படம், கோர் பெட்டிப் படம், நீர்மட்ட அளவு மூன்றையும் தேதியோடு சேர்த்து விண்ணப்பத்தில் வையுங்கள்.